ஏமாற்றம் என்னும் சொல்லும் அதன் சுற்றமும்

ஒரு மக்கட் கூட்டத்தின் அறநெறியை அதன் நீதிநூல்கள் எடுத்துரைக்கும். நூல்கள் சொல்லாது விட்டதை அதன் அன்றாடச் சொற்கள் தாமே சொல்லிவிடும். ஒருவர் ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். அது வந்து சேரவில்லை. இதில் தவறு யார் பக்கம்? தருவேன் என்றவர் பக்கமா? வரும் என்று நம்பியவர் பக்கமா? அல்லது இருவர் கையிலும் இல்லாத காலத்தின் பக்கமா? இந்த வினாவுக்குத் தமிழர் வெவ்வேறு காலங்களில் அளித்த விடைகள் தனித்தனிச் சொற்களாக மொழியில் தங்கியுள்ளன. அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், பழி ஒரு தோளிலிருந்து மற்றொரு தோளுக்கு மாறிய வரலாறு புலப்படும்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுக்கிறது. எதிர்பார்த்தது கிட்டாமை இவற்றுள் தனியோர் இடம் பெறவில்லை. அழுகை பிறக்கும் களங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் சொல்லப்படுகின்றன. காத்திருந்து பெறாதவர் துயரம் சூழலுக்கு ஏற்ப இந்நான்கனுள் ஒன்றில் அடங்கியிருக்க வேண்டும். இழந்தவர் அழுதார், இழிவுபட்டவர் அழுதார். ‘ஏமாந்தவர்’ என்றொரு தனி வகையினர் அன்று வகுக்கப்படவில்லை.

நசையும் எதிர்பார்ப்பும்

இன்று ‘எதிர்பார்ப்பு’ என வழங்கும் சொல், வருவாரை எதிர்நோக்கிப் பார்த்தல் என்னும் கண்ணின் செயலை அடியாகக் கொண்டது. வழிமேல் விழி வைத்தல் என்னும் மரபுத்தொடரும் அதே காட்சியைக் காட்டும். பழைய இலக்கியத்தில் இதற்கு நெருங்கிய சொல் நசை. விருப்பமும் விரும்பியது வரும் என்னும் நம்பிக்கையும் இச்சொல்லில் ஒன்றாகக் கலந்து நிற்கும். திருக்குறளின் ‘அவர்வயின் விதும்பல்’ அதிகாரத்தில், தலைவன் வெற்றியை நசைஇச் சென்றதாகவும், அவன் வருகையை நசைஇத் தலைவி உயிர் தாங்குவதாகவும் ஒரே குறள் இருமுறை இச்சொல்லை ஆள்கிறது. அவ்வதிகாரத்தின் முதற்குறளில் வழிபார்த்துப் பார்த்து ஒளி குன்றிய கண்களும், அவன் பிரிந்த நாள்களைக் குறித்த கோடுகளைத் தொட்டுத் தொட்டுத் தேய்ந்த விரல்களும் காணப்படுகின்றன. எதிர்பார்ப்பு அங்கே உடம்பில் தேய்மானமாகத் தெரிகிறது. இத்தகைய நசை நிறைவேறாதபோது பழந்தமிழர் முதலில் எடுத்தாண்ட வினைச்சொல் பொய்த்தல் ஆகும்.

வானம் பொய்த்தது

மழை பெய்யாது போனால் ‘வானம் பொய்த்தது’ என்று சொல்லும் வழக்கு ஈராயிரம் ஆண்டுகளாக அறுபடாது வருகிறது. வள்ளுவர் வான்சிறப்பில் விண் பொய்க்குமானால் கடல் சூழ்ந்த உலகினுள் பசி நின்று வருத்தும் என்கிறார். பட்டினப்பாலையின் தொடக்கத்தில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வான் பொய்ப்பினும் தான் பொய்யாத ஆறாகக் காவிரியைப் பாடுகிறார். 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பெருமளவு தவறி, 2017 சனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டபோதும் நாளிதழ்களும் உழவர்களும் ஆண்ட சொல் இதுவே.

இவ்வினையின் எழுவாய் யார் என்பதை நோக்க வேண்டும். பொய்த்தது வானம். மழையை நம்பி விதைத்த உழவன் ‘தவறாக நம்பினான்’ என்று இத்தொடர் சொல்வதில்லை. பருவம் என்பது வானம் கொடுத்த வாக்கு. வாக்கைக் காக்காமையால் வானம் பொய்யாயிற்று. விதைத்தவன் குற்றமற்றவன்.

இந்நோக்கு எவ்வளவு தூரம் சென்றது என்பதைப் புறநானூற்றின் 35ஆம் பாட்டு காட்டும். வெள்ளைக்குடி நாகனார் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைப் பாடி, செலுத்தாது நின்ற நிலவரியினின்று விடுதலை பெற்ற பாட்டு அது. மழை பொய்த்தாலும், விளைவு குறைந்தாலும், இயல்பல்லாதன நிகழ்ந்தாலும் உலகம் அரசரையே பழிக்கும் என்று அவர் மன்னன் முகத்துக்கு நேரே எடுத்துக் கூறுகிறார். வானத்தின் பொய்க்கும் நாடாள்வோன் பொறுப்பேற்க வேண்டும். நட்டம் அடைந்த குடிமகன்மீது பழியின் நிழலும் விழவில்லை. மாறாக, அவனுக்கு வரி நீக்கம் கிடைத்தது. ஒரு சொல்லில் உறைந்திருந்த அறம் ஆட்சி நடைமுறையாக மாறிய தருணம் எனலாம்.

கார்காலமும் கொன்றை மரமும்

புறத்தில் மழைக்கு வழங்கிய சொல் அகத்தில் காதலர்க்கும் வழங்கியது. கார்காலம் தொடங்கும்போது மீள்வேன் எனச் சொல்லிச் செல்வது முல்லைத் தலைவனின் வாக்கு. கார் வந்தும் அவன் வரவில்லையானால் அவன் சொல் பொய்த்ததாகும். ஓதலாந்தையார் பாடிய குறுந்தொகையின் 21ஆம் பாட்டில் தலைவி இம்முடிவுக்கு வர மறுக்கிறாள். பூத்துக் குலுங்கும் காடே கார் வந்துவிட்டது என்று சொன்னாலும் அவள் தெளிய மாட்டாள். ஏனெனில் அவர் பொய் சொல்பவர் அல்லர். வாக்குக் கொடுத்தவன் பொய்யன் ஆகாதிருக்கப் பருவத்தையே பொய்யாக்கி விடுகிறாள் அவள்.

குறுந்தொகையின் 66ஆம் பாட்டில் தோழி இவ்வாறே வேறொரு வழி காண்கிறாள். கொன்றை மரங்கள் பூத்தது உண்மைதான். ஆனால் அவை அறிவில்லாத மரங்கள். காலமல்லாத காலத்தில் பெய்த வம்ப மாரியைக் கார் என்று மயங்கிப் பூத்துவிட்டன. இங்கே பழி முதன்முறையாக நம்பிய பொருளின்மேல் ஏறுகிறது. எனினும் புலவரின் நாகரிகம் அதனை மரத்தோடு நிறுத்திவிடுகிறது. மடமை கொன்றைக்கே உரியது. காத்திருக்கும் பெண்ணுக்கு அன்று.

பரிசில் வாயிலில்

நசை மிகுதியாகத் தேங்கிய மற்றோர் இடம் வள்ளல்களின் வாயில். பல காதம் நடந்து வந்த புலவர் பரிசில் தாமதமாகியபோது என்ன செய்தார்? இதற்கெனப் புறத்துறைகளில் ‘பரிசில் கடாநிலை’ என்றே ஒரு துறை வகுக்கப்பட்டுள்ளது. கேட்டுப் பெறுவதற்கு இலக்கணம் அமைத்த சமுதாயம் அது.

பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் பரிசில் நீட்டித்தபோது ஆவூர் மூலங்கிழார் பாடியது புறநானூற்றின் 196ஆம் பாட்டு. இயன்றதை இயலும் எனக் கொடுத்தலும், இயலாததை இல்லை என மறுத்தலும் ஆகிய இரண்டுமே நட்பின் பாற்பட்டவை என்று அவர் வகுக்கிறார். இயலாததை இயலும் என்றலும், இயன்றதை இல்லை என்றலும் இரப்போரை வாட்டுவன. கொடுப்போர் புகழையும் குறைப்பன. பின்னர் அரசனுடைய மக்கள் நோயின்றி வாழ்க என வாழ்த்தி விடைபெறுகிறார். வாழ்த்தைவிடக் கூரிய கண்டனம் வேறில்லை. மறுத்தல் குற்றமன்று, பொய்யாக நம்ப வைத்தலே குற்றம் என்னும் இவ்வரையறை எதிர்பார்ப்பைப் பற்றித் தமிழில் எழுந்த மிகத் தெளிவான அறக்கூற்றுகளுள் ஒன்றாகும்.

பெருஞ்சித்திரனார் இன்னும் ஒரு படி மேலே சென்றார். வெளிமான் இறக்கும் தறுவாயில் அவருக்குப் பரிசில் கொடுக்குமாறு தம்பி இளவெளிமானிடம் சொன்னான். தம்பி கொடுத்ததோ சிறிது. புலவர் அதனைக் கொள்ளாது குமணனிடம் சென்று பாடி யானை பெற்றார்; அதனைத் திரும்பக் கொண்டுவந்து இளவெளிமானின் காவல் மரத்திலேயே கட்டினார். இரப்பவரும் உளர், அவர்க்கு ஈபவரும் உளர் என்பதைக் கண்டறிக என்று சொல்லிவிட்டுப் போனார். நசை நிறைவேறாத ஒருவர் தலைகுனிந்து வெளியேறவில்லை. நாணம் கொடாதவன் வாயிலில் கட்டப்பட்டது.

கொடுப்போன் இறந்துபட்டால் வழங்கும் சொல் வேறு. பாரி மாய்ந்த பின் கபிலர் பாடியவை கையறுநிலைப் பாடல்கள். கை அறுதல் என்றால் செயலற்றுப் போதல். இதில் பொய்த்தவர் எவருமில்லை, பழிக்குரியவரும் இல்லை. நம்பிக்கையைத் தாங்கிய கையே இல்லாமற் போயிற்று. இன்றும் ‘கைகூடியது’, ‘கைவிட்டான்’, ‘கைவிரித்தான்’ என்று எதிர்பார்ப்பின் ஏற்ற இறக்கங்களைத் தமிழ் கையைக் கொண்டே அளக்கிறது.

ஏமாந்த என்னும் சொல்லின் பயணம்

இனி இக்கட்டுரையின் தலைப்புச் சொல்லுக்கு வரலாம். அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்றின் 101ஆம் பாட்டு, பரிசில் வாயிலில் காத்திருக்கும் தம் நெஞ்சுக்கு அவர் சொல்லும் ஆறுதல். ஒருநாள் இருநாள் அன்றிப் பல நாள் பலரோடு சென்றாலும் முதல்நாள் காட்டிய விருப்பத்தையே அவன் காட்டுவான். பரிசில் பெறும் காலம் நீண்டாலும் நீளாவிட்டாலும், யானை தன் கொம்புகளுக்கிடையே வைத்த கவளம்போல அது கையில் உள்ளதே, பொய்யாகாது. உண்ண விரும்பிய நெஞ்சே, வருந்தாதே என்பது கருத்து.

‘உண்ண விரும்பிய’ என இங்கு எழுதிய இடத்தில் ஔவையார் ஆண்ட சொல் ‘ஏமாந்த’ என்பதாகும். இன்றைய வாசகர் அதனைப் படித்தால் திகைப்பார். பரிசில் உறுதி என்று சொல்லும் பாட்டில் நெஞ்சம் எப்படி ஏமாந்தது? அன்று ஏமாத்தல் என்பதற்கு அவாவுதல், ஆசையோடு நோக்கியிருத்தல் என்னும் பொருள் இருந்தது. ஏமாந்த நெஞ்சம் என்றால் நம்பியிருந்த நெஞ்சம். எதிர்பார்ப்பைச் சுட்டும் ஏமாத்தலும் எதிர்பார்ப்பு முறிவதைச் சுட்டும் பொய்த்தலும் அப்பாட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன; பொருளால் நேரெதிராக நிற்கின்றன.

ஒலியால் நெருங்கிய ஏமம் என்னும் சொல் காவலையும் இன்பத்தையும் குறித்தது. சினத்தால் எரிந்துபோகும் சுற்றத்தை வள்ளுவர் ஏமப் புணை, அதாவது காக்கும் தெப்பம் என்றார். ஒரு பிறப்பில் கற்ற கல்வி எழுமைக்கும் ‘ஏமாப்பு’ உடையது என்ற இடத்தில் அச்சொல் பாதுகாப்பாகிறது. ஆசை, களிப்பு, காவல் என நல்ல பொருள்களின் நடுவே வாழ்ந்த ஒரு சொற்குடும்பத்தில், மயக்கம், கலக்கம் என்னும் பொருள்களும் உடன் இருந்தன. வேர் ஒன்றா இரண்டா என்னும் ஆராய்ச்சி ஒருபுறம் இருக்க, பிற்கால வழக்கு எந்தக் கிளையைப் பற்றிக்கொண்டது என்பதில் ஐயமில்லை. நம்பியிருத்தல் மயங்கியிருத்தல் ஆயிற்று. மயங்கியிருந்தவன் வஞ்சிக்கப்பட்டவன் ஆனான்.

உறவு மொழிகள் இப்படிநிலைக்குச் சான்று தருகின்றன. தெலுங்கில் ‘ஏமரு’ என்பது கவனம் தவறுதலைக் குறிக்கும். கன்னடத்தில் ‘ஏமாரு’ என்பது வஞ்சனைக்கு ஆட்படுதலைக் குறிக்கும். தமிழிலும் ‘ஏமாந்த நேரம்’ என்றால் கவனக்குறைவாக இருந்த நேரம் என்றே பொருள். விழிப்பின்மையே இச்சொல்லின் நடுநாயகப் பொருளாகிவிட்டது. ஆகவே ‘ஏமாந்தேன்’ என்பவர் தாம் இழந்ததை மட்டும் கூறவில்லை. தாம் விழிப்பாக இல்லை என்னும் ஒப்புதலையும் சேர்த்தே கூறுகிறார்.

பெயர்ச்சொல் வடிவில் இது மேலும் சிக்கலாகிறது. ஏமாறு தன்வினை, ஏமாற்று பிறவினை. ‘ஏமாற்றம்’ என்னும் பெயரோ இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் வராததும் ஏமாற்றம். ஒருவர் திட்டமிட்டுச் செய்த வஞ்சனையும் ஏமாற்றம். பிறர் குற்றமும் காலத்தின் போக்கும் ஒரே பெயரில் புகுந்து அடையாளம் இழக்கின்றன.

வள்ளுவரின் தீர்ப்பு

நம்பியவரைக் குறை கூறுதல் பண்டைத் தமிழில் அறவே இல்லை என்று கொள்வதும் பொருந்தாது. தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் ஆராயாமல் ஒருவனை நம்புதலும், ஆராய்ந்து நம்பியவன்மேல் ஐயம் கொள்ளுதலும் தீராத துன்பம் தரும் என்கிறார் வள்ளுவர். பொச்சாவாமை என ஓர் அதிகாரமே மறதிக்கும் சோர்வுக்கும் எதிராக அமைந்துள்ளது. ஆனால் இவை இரண்டும் பொருட்பாலில் உள்ளவை. ஆட்சிப் பொறுப்புடையவன் விழிப்பாக இருத்தல் அவன் கடமை. அவனது கவனக்குறைவு நாட்டையே வருத்தும்.

காமத்துப்பாலில் தீர்ப்பு மாறுகிறது. பிரிவாற்றாமை அதிகாரத்தில் தலைவி கேட்கிறாள்: அருள் செய்து அஞ்சாதே என்று சொன்னவரே பிரிந்து போனால், அவருடைய உறுதிச் சொல்லை நம்பியவர்க்குத் தவறு உண்டோ? வினாவாக எழுந்தாலும் விடை அதனுள்ளேயே இருக்கிறது. வலிமையும் அதிகாரமும் உள்ளவன் ஆராய வேண்டும்; வாக்கு ஒன்றையே பற்றுக்கோடாக உடையவர்மேல் தவறில்லை. நம்பிக்கையின் பழியை நம்பியவரது நிலைக்கேற்பப் பிரித்துப் பார்க்கும் இந்நுட்பம் பிற்காலத்து ஏமாறுதல் என்னும் சொல்லில் இல்லை. அது அரசனையும் ஏழையையும் ஒரே தட்டில் வைக்கிறது.

துறவியின் சொற்கள்

வடமொழியிலிருந்து வந்த நிராசை, விரக்தி என்னும் இரு சொற்களும் வேறொரு பாதையில் வந்து இதே துயரத்தில் கலந்தன. நிராசை என்பது ஆசை நீங்கிய நிலை. விரக்தி என்பது பற்றின் நிறம் உள்ளத்தினின்று வெளுத்துப் போதல். நிறமேறுதலைக் குறிக்கும் வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. இரண்டும் துறவியர் அடைய விரும்பிய உயர்நிலைகள். கன்னட நாட்டு வீரசைவ மரபில் துறவியர் விரக்தர் எனப் பெருமையோடு அழைக்கப்பட்டனர்.

இச்சொற்கள் துயரத்தோடு எங்குத் தொடர்புற்றன என்பதைப் பாகவத புராணத்தின் பதினோராம் கந்தத்தில் வரும் பிங்கலையின் கதை விளக்கும். விதேக நகரத்துக் கணிகையான பிங்கலை பொருள் தருவார் வருவார் என்று ஒப்பனை செய்து வாயிலில் நிற்கிறாள். ஒவ்வொருவராகக் கடந்து போகின்றனர். உள்ளே செல்வதும் வெளியே வருவதுமாக நள்ளிரவாகிறது, எவரும் வரவில்லை. வாடிய முகத்தோடு நின்றவளுக்கு அக்கணத்தில் தெளிவு பிறக்கிறது. ஆசையை விட்டு நிம்மதியாக உறங்குகிறாள். அவதூதர் தம் இருபத்து நான்கு குருமார்களுள் ஒருத்தியாக அவளை எண்ணுகிறார்.

அந்த இரவின் முற்பகுதி துயரம், பிற்பகுதி விடுதலை. புராணம் நிராசையைப் பிற்பகுதிக்குப் பெயராக வைத்தது. இக்காலத் தமிழ் அதே சொல்லை முற்பகுதிக்கு உரியதாக்கிவிட்டது. வேலை கிடைக்காத இளைஞன் விரக்தியில் இருக்கிறான் என்று எழுதும்போது, அவன் பற்றைத் துறந்தவன் என எவரும் கொள்வதில்லை. தானே விரும்பி விடுதலும் பறிகொடுத்து விடுதலும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. துறவு என்பது செல்வமும் வாய்ப்பும் உடையவர் கைவிடும் பெருமையாக இருந்தவரை சொல் உயர்ந்து நின்றது. கைவிட எதுவும் இல்லாதவர் வாழ்வுக்கு வந்தபோது அது வலியின் பெயராயிற்று.

பழமொழிகளின் சாட்சி

மக்கள் வழக்கு இம்மூன்று பழிகளையும் இன்றுவரை தனித்தனியே காத்து வருகிறது. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவன் கதை நம்பியவனின் மடமையைச் சொல்கிறது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையில் கடைந்தவர்க்கும் குற்றமில்லை, தாழிக்கும் வஞ்சமில்லை. இலவு காத்த கிளியோ இரண்டுக்கும் இடைப்பட்டது. பச்சைக் காயாக இருந்த இலவு பழுக்காமலே உலர்ந்து வெடித்துப் பஞ்சாய்ப் பறக்கிறது. இலவ மரம் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. கிளியின் பசியும் பொய்யன்று. எள்ளலும் இரக்கமும் பிரிக்க இயலாதபடி கலந்திருப்பதால்தான் இப்பழமொழி இவ்வளவு காலம் வாழ்கிறது.

சொல்லும் சட்டமும்

பழி எந்தப் பக்கம் என்னும் வினா ஏட்டோடு முடிவதன்று. 1990களில் மிகுந்த வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்களில் சேமிப்பை இட்டு இழந்தவர் தமிழ்நாட்டில் பலர். ஓய்வூதியத் தொகையையும் மகள் திருமணத்துக்கு வைத்த பணத்தையும் இழந்தவர்கள் செய்தித்தாள்களில் ‘ஏமாந்தவர்கள்’ ஆயினர். பேராசைக்குக் கிடைத்த தண்டனை என்று சுற்றத்தார் பேசக்கூடும் என அஞ்சி முறையிடத் தயங்கியவரும் உண்டு. அந்தத் தயக்கத்தில் சொல்லுக்கும் பங்கு உண்டு. ஏமாந்தேன் என்று வாய்திறந்தால் தன் குற்றத்தைத் தானே அறிவிப்பதாகிவிடுமே!

சட்டம் இவ்வாறு பார்க்கவில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றிப் பொருள் பறித்தலுக்குரிய 420ஆம் பிரிவு, வஞ்சகனுக்குரிய பட்டப்பெயராகவே மக்கள் நாவில் ஏறியது. 2024 சூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவில் அது 318ஆம் பிரிவுக்குள் சென்றுவிட்ட பின்னும் பட்டப்பெயர் மாறவில்லை. வைப்புத்தொகை செலுத்தியோர் நலன் காக்கத் தமிழ்நாட்டில் 1997இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டு, நிறுவனங்களின் சொத்தை முடக்கி இழந்தவர்க்குப் பகிர வழி செய்யப்பட்டது.

அரசு கொடுத்த வாக்கும் இவ்வாறே அளக்கப்பட்டது. புதிய தொழிற்சாலைக்கு மூன்றாண்டு விற்பனை வரி விலக்கு என்று உறுதி கூறிய உத்தரப் பிரதேச அரசு பின்வாங்கியபோது, அதனை நம்பி முதலிட்டவர்க்கு அரசு கட்டுப்பட்டதே என 1970களின் இறுதியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1990களின் தொடக்கத்தில் வந்த தீர்ப்புகளில் குடிமக்களின் நியாயமான எதிர்பார்ப்பு என்னும் கோட்பாடு மேலும் உறுதிபெற்றது. இயலாததை இயலும் என்று சொல்லாதே என நன்மாறனிடம் ஆவூர் மூலங்கிழார் உரைத்த அறமும், மழை பொய்த்தாலும் பழி அரசனுக்கே என வெள்ளைக்குடி நாகனார் உரைத்த அறமும் நீதிமன்ற மொழியில் மீண்டும் எழுந்தன எனலாம்.

சொற்களை ஆணையிட்டு மாற்ற இயலாது. ஏமாற்றம் என்னும் சொல்லும் நாளை மறைந்துவிடப் போவதில்லை. ஆயினும் அதன் வரலாற்றை அறிந்தவர் அதனை ஆளும் முன் ஒருகணம் நிற்பர். வாக்குத் தவறப்பட்ட இடத்தில் ‘அவர் சொல் பொய்த்தது’ என்று சொல்லத் தமிழில் சொல் உண்டு. எவர் குற்றமும் இல்லாத இடத்தில் ‘கைகூடவில்லை’ என்று சொல்லவும் சொல் உண்டு. அவை இருக்க, நம்பியவரை மட்டும் சுட்டும் சொல்லையே எல்லா இடத்திலும் வழங்குதல் முறையன்று. அதியமான் வாயிலில் ஔவையாரின் நெஞ்சம் ஏமாந்திருந்தது. அதில் அவருக்கு நாணமில்லை. நம்புதல் அன்று ஒரு பிழையாக எண்ணப்படவில்லை. நம்பிக்கைக்கு உரியவனாக நடந்துகொள்வதே கொடுப்போன் கடனாக இருந்தது.